பட்டறையில் கற்றது

தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவின் ஆசிரியனாக நின்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துகிற விஷயங்களில் பெரும்பாலானவை, கோயமுத்தூர் பீளமேட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலையொன்றில், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி அப்ரண்டிஸாகச் சேர்ந்து லேத்தின் முன் நின்ற இளம் பிராயத்திலேயே என் சுபாவத்தோடு கலந்துவிட்டவை. லேத்தில் உருப்படியைப் பற்றிப் பிடிக்கும் சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டு மோட்டாரை ஓடவிட்டால், சுழலும் வேகத்தில் அது தெறித்து ஆளையே சாய்த்துவிடும் என்பதைப் புத்தகங்களும் சொல்லத்தான் செய்கின்றன. ஆயினும், “தம்பி, சாவியைக் கழற்றாமல் கையை எடுக்காதே” என்று எங்கள் மேஸ்திரி அண்ணன் கோபமோ அலுப்போ இன்றித் தினந்தோறும் சொல்லி, அதைக் கையின் பழக்கமாகவே ஆக்கிவிட்டார்.

ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் இரும்பைக் கடையும்போது சுருள் நீலம் பூத்து வந்தால், உஷ்ணம் மிகுந்து முனை மழுங்கப்போகிறது என்று அர்த்தம். கார்பைடு டூலுக்கோ அதே நீலம் சகஜம். இந்தப் பேதத்தைக் கண்ணால் கண்டறிந்தவன் சொல்லும்போது மாணவன் முகத்தில் உண்டாகும் நம்பிக்கையே தனி.

போதனா முறைப் பயிற்சி அவசியமே. ஆனால், ஷிப்டு முடிவதற்குள் அளவு பிசகாமல் உருப்படிகளை ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியைச் சில வருஷங்களேனும் அனுபவித்தவர்களே ஆசிரியப் பணிக்கு வரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஓய்வுபெற்ற டர்னர்களை வாரம் ஒருநாள் வகுப்புக்கு அழைக்க அனுமதி கோரியிருக்கிறேன். விருப்பமுள்ள பெரியவர்கள் தெரிவியுங்கள்.