உட்காரலாம், எழுந்திருப்பதுதான்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குக் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இரண்டு கேள்வி. எத்தனை வருஷம் தாங்கும்? கீழே உட்காரலாமா? முதல் கேள்வியைப் பெரும்பாலும் மகன் கேட்பார். இரண்டாவதை அம்மா கேட்பார், அதுவும் மகன் வெளியே போனபிறகு. இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. ஒன்றின் பதில் மற்றொன்றுக்குள்தான் இருக்கிறது.

உள்ளே நாங்கள் வைப்பது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. தொடை எலும்பின் நுனிக்குக் கோபால்ட்-குரோமியத்தில் ஓர் உறை, கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் பலகை. தியேட்டரில் அதை ‘பாலி’ என்றே சொல்வோம். பெரும்பாலும் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் கனம்தான். சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை அதன்மேல் இறங்குகிறது. நடப்பதற்கு முழங்கால் அறுபது, எழுபது டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழத் தொண்ணூறைத் தாண்ட வேண்டும். குத்தவைக்க நூற்று முப்பதுக்கு மேல். வஜ்ராசனத்துக்கோ தொழுகையில் அமர்வதற்கோ நூற்றைம்பதை நெருங்க வேண்டும். மாற்றிய முழங்கால்களில் பெரும்பாலானவை நூற்றுப்பத்து, நூற்றிருபதோடு நின்றுவிடும்.

ஆழமாக மடக்கும்போது தொடை எலும்பு நின்ற இடத்திலேயே சுழல்வதில்லை. பின்னால் உருண்டு போகிறது, அதிலும் வெளிப்பக்கம் கூடுதலாக. அப்போது சுமை பாலியின் நடுவை விட்டுப் பின்விளிம்புக்குப் போய்விடும். அங்கே உலோகம் படும் பரப்பு சிறியது. அதே எடை, குறைந்த இடம். மறு அறுவைக்காகத் திறந்து எடுத்த பாலியைக் கையில் வைத்துப் பார்த்தால் இது புரியும். புதிது பால்வெள்ளையாக, தொட்டால் மெழுகுபோல் இருக்கும். பழையது மஞ்சள் ஏறி, உட்பக்கப் பின்மூலையில் பள்ளமாகி, ஒருசாய்த்து நடப்பவரின் பழைய செருப்பில் குதிகால் தேய்வதுபோல் தேய்ந்திருக்கும். சிலவற்றில் மேல்தோல் செதிலாக உரிந்து நிற்கும். காற்று இருக்கும் உறைக்குள் வைத்துக் காமாக் கதிரால் கிருமி நீக்கிய அந்தக் காலத்துப் பாலிகளில் இது அதிகம். அலமாரியில் இருக்கும்போதே ஆக்சிஜன் அவற்றை நொறுங்கலாக்கிவிட்டது. 1990களில் காரணம் தெரிந்து, காற்றை நீக்கிய உறைக்கு மாறினார்கள். இன்றைய பாலி எவ்வளவோ மேல்.

பாலி முழுக்கத் தேய்ந்து தீர்வது அரிது. பெரிய தொல்லை அதன் தூள்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களை உடலின் துப்புரவு அணுக்கள் விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அந்த எரிச்சலில் கிளம்பும் வேதிப்பொருள்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. உலோகத்தைப் பிடித்து நின்ற எலும்பு கரைந்து, ஒருநாள் இம்ப்ளான்ட் ஆடத் தொடங்குகிறது.

1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் சகாக்களும் பொருத்தத் தொடங்கிய டோட்டல் கான்டிலர் முழங்கால் ஏறத்தாழ தொண்ணூறு டிகிரிதான் மடங்கியது. ஆனால் நன்றாக உழைத்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் கோணத்தைத் துரத்தினார்கள். தரையில் வாழும் ஆசியர்களை மனதில் வைத்து ‘ஹை-ஃப்ளெக்ஸ்’ வகைகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றுக்குத் தொடை எலும்பின் பின்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்ட வேண்டும். 2007இல் கொரியாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது: அப்படியொரு வகை வைத்த 72 முழங்கால்களில் 27இல், சராசரியாக 32 மாதங்களிலேயே, தொடைப்பக்க உறை தளர்ந்திருந்தது. தளர்ந்தவைதான் அதிகம் மடங்கிய முழங்கால்கள். அந்த முழங்கால்காரர்களில்தான் குத்தவைத்தும் மண்டியிட்டும் வாழ்ந்தவர்கள் அதிகம். வேறு மையங்களில் இவ்வளவு மோசமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதைப் படித்த பிறகு நூற்றைம்பது டிகிரி மடங்கும் புகைப்படத்தோடு வரும் விற்பனைப் பிரதிநிதியை நான் கொஞ்சம் தள்ளியே உட்கார வைக்கிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், ஹை-ஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய், வரி தனி. இரண்டாயிரத்துக்கும் குறைவான அந்த வித்தியாசத்தில் சம்மணம் கிடைத்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் இன்றும் உண்டு.

மடக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், முதலில் நோயாளியிடமிருந்துதான். அறுவைக்கு முன் நூற்றிருபது மடங்கியவருக்கு ஏறக்குறைய அதுவே கிடைக்கும். வருஷக்கணக்காகத் தொண்ணூறில் இறுகிப்போன கால், எந்த இம்ப்ளான்ட் வைத்தாலும் வஜ்ராசனம் போடாது. மிச்சம் எங்கள் கையில், அதிலும் மூட்டின் பின்பக்கத்தில். எலும்புகளை வெட்டியபின் முழங்காலைத் தொண்ணூறில் மடக்கி, விரிப்பானை நடுவில் வைத்துத் திறந்தால் தொடை எலும்பின் பின்குமிழ்கள் தெரியும். பழைய தேய்மானத்தில் அவற்றின் ஓரத்தில் எலும்புத் துருத்தல்கள் காளானாக முளைத்து நிற்கும். வளைந்த உளியை அவற்றின் அடியில் நுழைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். அதற்கப்பால் மூட்டுறை, அதற்கும் அப்பால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி. துருத்தல் விடுபடும்போது தட்டும் ஓசை மாறும். காது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு விரலை விட்டு மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்ப்பேன். நறுக்கென்று ஏதாவது தட்டுப்பட்டால் அது நோயாளியின் பத்து டிகிரி. முழு அறுவையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். எக்ஸ்ரேயில் இதை யாரும் பாராட்ட மாட்டார்கள்.

இனி எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்விக்கு வருவோம். ‘லான்செட்’ இதழில் 2019இல் வந்த தொகுப்பு ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் நிற்கிறது. நல்ல செய்தி. ஆனால் அந்தக் கணக்கு ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து பதிவேடுகளிலிருந்து வந்தது. நாற்காலியில் சாப்பிட்டு, கட்டிலில் படுத்து, மேற்கத்தியக் கழிப்பறையில் அமர்ந்தவர்களின் முழங்கால்கள் அவை. தினம் நாலு முறை தரையிலிருந்து எழும் ஒரு பாட்டிக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வயதும் கணக்கை மாற்றுகிறது. பிரிட்டனில் எழுபது தாண்டி மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுவது ஏறக்குறைய 5 சதவீதம்; ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் 35 சதவீதம் வரை.

ஆகவே என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். எழுபத்தைந்து வயது அம்மா, “பேத்தி கல்யாணத்துல பந்தியில கீழ உக்காரலாமா டாக்டர்?” என்றால், “உக்காருங்கம்மா. எந்திரிக்கிறதுதான் சங்கடம், ரெண்டு பேரைப் பிடிச்சுக்குங்க” என்பேன். அமர்ந்திருக்கும்போது முழங்காலில் பெரிய சுமை இல்லை. மடங்கிய காலில் முழு எடையையும் ஏற்றி எழும் அந்த இரண்டு நொடிகள்தான் பின்விளிம்பை வதைக்கின்றன. ஐம்பத்திரண்டு வயதில் களையெடுக்கப் போகிறவர் கேட்டால் பதில் வேறு: குத்தவைத்து வேலை பார்ப்பது இனி வேண்டாம். சர்ச்சில் மண்டியிடலாமா என்பவருக்கு, காயம் நன்றாக ஆறியபின் மெத்தை போட்டு மண்டியிடலாம் என்கிறேன். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப் போயிருக்கும், அது நரம்பின் வேலை, இம்ப்ளான்டுக்கு ஆபத்தில்லை. வீட்டுக் கழிப்பறையை மட்டும் அறுவைக்கு முன்பே மாற்றச் சொல்கிறேன். தினமும் நடக்கிற காரியம் அது.

ஒன்றில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. வலி இல்லாவிட்டாலும் குறித்த தேதிக்கு எக்ஸ்ரேக்கு வர வேண்டும். எலும்பு அரிக்கப்படுவது வலிக்காது. முதல் வருஷம் எல்லோரும் வருகிறார்கள், ஐந்தாம் வருஷம் பாதிப்பேர்கூட வருவதில்லை. போன் செய்து கூப்பிட்டால், “நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், எதுக்கு வரணும்?” என்கிறார்கள். நன்றாக இருக்கும்போது பார்த்தால் பாலியை மட்டும் மாற்றினால் போதும் என்று முடியக்கூடும். எலும்பு போனபின் வந்தால் நீளக் கம்பி வைத்த இம்ப்ளான்ட், இரட்டிப்புச் செலவு, நிச்சயமாகக் குறையும் மடக்கு.