ஏடு கட்டிய மண்

இரவெல்லாம் மழை, விடிந்ததும் சுள்ளென்று வெயில். பின்கட்டுச் செம்மண் பாத்தி அப்பளம் மாதிரி ஏடு கட்டிவிட்டது. விரலால் நெம்பினால் சில்லு சில்லாகப் பெயர்கிறது. அடியில் ஈரம் அப்படியே இருக்கிறது. விதைத்த தண்டுக்கீரை முளைகள், மேலே வர வழியில்லாமல் வெளிறி வளைந்து கிடக்கின்றன.

சத்துக் குறைவு என்று உடனே உரக்கடைக்கு ஓட வேண்டாம். மூடாத மண்ணில் மழைத்துளி அறையும்போது கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. வெயில் பட்டதும் அதுவே இறுகிப்போகிறது. மக்கு குறைந்த செம்மண்ணில் இந்தத் தொல்லை அதிகம்.

அவசரத்துக்குப் பூவாளியால் லேசாக நனைத்து, வரிசைகளுக்கு நடுவே மட்டும் களைக்கொத்தியால் கீறிவிடுங்கள். நிலையான தீர்வு, மக்கிய தொழுவுரம் அல்லது மக்கவைத்த தென்னைநார்க் கழிவுதான். வயலுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் என்பது வேளாண் பரிந்துரை. வீட்டுக் கணக்கில் சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ. விதைத்த கையோடு வைக்கோலை மெல்லிசாகப் பரப்பி, முளை தெரிந்ததும் விலக்கிவிடலாம். சேறாக இருக்கும்போது பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

ஜிப்சம் போட நினைப்பவர்கள் முதலில் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். அது முக்கியமாகக் களர் நிலத்துக்கானது.

உங்கள் வீட்டு மண் எப்படி? இறுகிய பாத்தியை வேறு வழியில் சரிசெய்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.