விளையாட்டுக் கற்பிக்கும் கை

மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூரில், அமிர்தகடேசுவரர் கோயிலிலே நாள்தோறும் மணக்கோலம் காணலாம். மணமகனுக்கு அகவை அறுபது, சிலருக்கு எண்பது! மக்கள் கலசநீராட்ட, பேரர் சூழ்ந்து நிற்க, முதியவர் தம் மனைவிக்கு மீண்டும் தாலி சூட்டுகின்றார்.

சடங்கு நீளுமாயின் குழந்தைகள் சிணுங்குவது இயல்பு. அப்பொழுது அன்னை தன் மகனின் உள்ளங்கையை விரித்து, அதிலே முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைகின்றாள். விரல்தோறும் பங்கிட்டு ஊட்டுகின்றாள். பின்னர்த் தன் விரல்களை நண்டாக்கி, அவன் கைவழியே ஊரவிட்டு, அக்குளிலே கூச்சங் காட்டுகின்றாள். அவன் முதலில் நோக்குவது நண்டையன்று; அவள் முகத்தை. அங்கே முறுவல் இருத்தலால், வருவது பொய்ந்நண்டு என்று தெளிந்து நகைக்கின்றான். சின்னாளில் அவனே மரப்பாச்சியின் கையிலே பருப்புக் கடையத் தொடங்குவான். அன்னைக்கு இதனைக் கற்பித்தவள், அதோ மாலையுடன் மணையில் அமர்ந்திருக்கும் பாட்டியே.

பழம் புலவரும் இதனை நன்குணர்ந்தவர். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்திலே, குழந்தையோடு விளையாட நிலவை அழைப்பர். சாம, பேத, தான, தண்டம் என்னும் அரசியல் உபாயங்கள் நான்கினையும் அந்நிலவின்மேற் செலுத்துவர். முதலில் இன்சொல்; இறுதியில் மிரட்டல்! நிலவு வாராதென்பது அவர்க்குத் தெரியாததா? கற்றறிந்த பெரியோர்க்கும் குழந்தையின்முன் விளையாடுதல் இழிவாகத் தோன்றவில்லை.

எந்நேரமும் அதட்டும் வீட்டிலும் குழந்தை ஆடும். ஆயினும் ஒரு மூலையிலே தனித்து ஆடும். துணைக்கு ஒருவரை அழைக்க அதற்கு நா எழாது. பெற்றோர் ஆடக் கண்ட குழந்தையோ அஞ்சுவதில்லை. வயலிலிருந்து சேற்றுக்காலோடு வரும் தந்தை களைப்பினால் மறந்திருப்பினும், அவர்முன் ஓடிவந்து தன் உள்ளங்கையை விரித்து நீட்டுகின்றது.