ஓடையில் கிடந்த மான்: வேட்டைப் பாடம் நமக்குக் கற்பித்தது

மதரஸாவில் நாம் நடத்தும் ஃபிக்ஹு நூல்களில் வேட்டைப் பிராணிகள், அறுக்கப்படும் பிராணிகள் பற்றிய பாடம் ஒன்று உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் அது இடம்பெற்றிருக்கிறது. இருபது ஆண்டுகளாக நாம் அதை நடத்தி வருகிறோம். அறுப்பு பற்றிய பகுதியை விரிவாக நடத்துவோம். வேட்டைப் பகுதியை வாசித்து, பொருள் சொல்லிக் கடந்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் வேட்டையாடுவது குற்றம். கடற்கரை ஊரில் வாழும் நமக்கு வலையும் தூண்டிலும்தான் தெரியும்; மீனுக்கோ அறுப்பே தேவையில்லை. வில்லையும் வேட்டை நாயையும் பற்றிய சட்டங்கள் என்றோ முடிந்துபோன ஒரு வாழ்க்கைக்கு உரியவை என்று மாணவர்கள் எண்ணினார்கள். சில வேளைகளில் நாமும் அப்படியே எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் நம் பழைய மாணவர் ஒருவர். கல்லூரிப் பருவத்தில் வியாழன் இரவு ஃபிக்ஹு வகுப்புக்குத் தவறாமல் வந்தவர். இன்று மனைவி மக்களோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைப்பாங்கான ஒரு சிற்றூரில் வசிக்கிறார். ஹலால் இறைச்சிக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிச் செல்ல வேண்டிய ஊர் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அழைத்தார்.

“ஹஜ்ரத், பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா? எதைக் கொண்டு வேட்டையாடினால் நமக்கு ஆகும்?”

இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும், அந்தக் கேள்வியை உண்மையான கேள்வியாக நாம் எதிர்கொண்டது அன்றுதான்.

வேட்டை கூடும் என்பதில் ஐயமில்லை. இஹ்ராமில் இல்லாதவருக்குத் தரையின் வேட்டை ஆகுமானது. ஆனால் உண்ணும் தேவையோ வேறு நியாயமான பயனோ இல்லாமல், விளையாட்டுக்காக ஓர் உயிரைப் போக்குவதை மார்க்கம் வெறுக்கிறது. எனவே முதலில் நோக்கத்தைக் கேட்டோம். குடும்பத்தின் உணவுக்காகத்தான் என்றார். அடுத்தது கருவி. துப்பாக்கிக் குண்டினால் செத்த பிராணி பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது துளைத்துச் செல்வதால் ஆகும் என்கிறார்கள் அரபு நாடுகளின் அறிஞர்கள் பலர். கூர்மையால் வெட்டாமல் வேகத்தின் மோதலால் கொல்கிறது. எனவே உயிரோடு கிடைத்து அறுத்தாலன்றி ஆகாது என்பது நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள் பலரின் தீர்ப்பு. கூரிய அம்பில் அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே வில்லையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். பிஸ்மி சொல்வது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத், ஹனஃபீ மத்ஹபில் கட்டாயம். அம்பு விடும்போது அதை ஒருபோதும் விட்டுவிடலாகாது என்றும் சொன்னோம்.

அமெரிக்காவில் வேட்டை என்பது பண்ணை உடைமையாளர்களின் பொழுதுபோக்கு என்றே நாம் நினைத்திருந்தோம். அப்படியன்று. வேட்டைக்கெனவே மாநில அரசின் பொது நிலங்கள் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் 1895இல் நிறுவப்பட்ட கேம் கமிஷன் என்னும் துறை, 1920 முதல் நிலங்களை வாங்கிச் சேர்த்து, இன்று சுமார் 15 லட்சம் ஏக்கரைப் பராமரிக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் எண் உண்டு, வரைபடம் இலவசம். உரிமம் உள்ள எவரும் எவருடைய தயவுமின்றி உள்ளே போகலாம். கேட்டபோது நமக்குப் பாடத்தின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. திறந்த வெளியின் வேட்டைப் பிராணி எவருக்கும் சொந்தமில்லை. பிடித்தவருக்கே அது உடைமையாகும். ஆயினும் பொது நலன் கருதி ஆட்சியாளர் வரம்பு வைத்தால் அதை மீற நமக்கு அனுமதியில்லை. வரம்புகளோ ஏராளம்.

புதியவர் முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேர்ச்சி பெற வேண்டும், பிறகே உரிமம். வில்லுக்குத் தனி உரிமம். கொம்பில்லாத மானுக்கு, அந்தந்த வட்டாரத்துக்கென இன்னொரு தனி உரிமம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரைதான் மான் வேட்டைக்கு நேரம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து துப்பாக்கிக்கு 150 கஜமும் வில்லுக்கு 50 கஜமும் விலகியிருக்க வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி தலையிலும் மார்பிலும் முதுகிலும் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும். வீழ்த்திய மானை அவ்விடத்திலிருந்து அசைக்கும் முன்பே அதில் அடையாளச் சீட்டைக் கட்டி, பின்னர் துறைக்கு அறிவிக்க வேண்டும்.

முதல் இலையுதிர்காலம் முழுவதும் அவர் ஓர் அம்புகூட எய்யவில்லை. பெரியவர் அவரை நடக்க மட்டுமே வைத்தார். வண்டி நிறுத்துமிடத்தின் அருகில் எல்லோரும் இருப்பார்கள். வரைபடத்தில் செங்குத்தான சரிவையோ சதுப்பையோ பார், அதற்கப்பால் மான் இருக்கும் என்பாராம். கருவாலி மரத்தின் கொட்டைகள் உதிரும் இடம், குளம்புத் தடம், புழுக்கை, புல் அமுங்கிய படுக்கை, ஆண் மான் கொம்பை உரசிய மரப்பட்டை ஆகியவற்றைத் தேடி வாரந்தோறும் அலைந்தார்கள். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்க்காமல் உட்கார்ந்தால் மான் நம்மைக் காணும் முன்பே மோப்பம் பிடித்துவிடும் என்பதை, தோல்விக்குப் பின் தோல்வியாகக் கற்றார். வீட்டுப் பின்புறத்தில் இருபது கஜத்தில் இலக்கு வைத்து நாள்தோறும் அம்பெய்து பழகினார். பிள்ளைகளும் உடன் நின்று பிஸ்மி சொல்வார்களாம். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாம் ஆண்டு அக்டோபர் இறுதி. சுபுஹுத் தொழுகை முடித்து வீடு திரும்பியிருந்தோம். அங்கே அது இரவு. அவர் அழைத்தார். குரலில் நடுக்கம் இருந்தது.

“ஹஜ்ரத், அம்பு விட்டேன். பிஸ்மி சொன்னேன். பட்டது. ஆனால் சரியான இடத்தில் படவில்லை.”

அந்தி மங்கும் நேரம். முப்பது கஜத்துக்கும் அப்பால், ஒரு பெண் மான் பக்கவாட்டில் நில்லாமல் சாய்ந்து நின்றிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பிய ஏக்கம் அவர் கையை முந்திக்கொண்டது. துளைத்து வெளியே விழுந்த அம்பில் பச்சை நிறக் கசிவும் துர்நாற்றமும் இருந்தன. நுரையீரலில் பட்டால் நுரைத்த செங்குருதி, ஈரலில் பட்டால் கருஞ்சிவப்பு, குடலில் பட்டால் இப்படிப் பச்சை என்பது வேட்டையாடுவோர் அறிந்த பாடம். குடலில் அடிபட்ட மான் உடனே சாகாது. துரத்தினால் இன்னும் தொலைவு ஓடும். எனவே காலைவரை காத்திரு என்றார் பெரியவர். அந்த இரவு அவர் உறங்கவில்லை.

அங்கே விடிந்தபின், நமக்கு அன்றே அஸருக்குப் பின், காணொளியில் அழைத்தார். குருதித் தடம் நானூறு கஜம் போயிருந்தது. நடுவே ஓரிடத்தில் மான் நெடுநேரம் படுத்திருந்து, குருதி தேங்கி, மறுபடியும் எழுந்து போயிருக்கிறது. தடம் முடிந்த இடத்தில் ஓர் ஓடை. மான் தண்ணீரில் கிடந்தது. தலை நீருக்குள் இருந்தது.

“தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, இறைச்சி கெடவில்லை என்கிறார் பெரியவர். நமக்கு ஆகுமா ஹஜ்ரத்?”

தையீ குலத்து வள்ளல் ஹாத்திமின் மகன் அதீ (ரலி) அவர்கள் வேட்டையில் நாட்டமுள்ளவர்கள். நபி (ஸல்) அவர்களிடம் அன்னார் கேட்ட கேள்விகள் புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. அம்பு பட்ட பிராணி ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் அம்பின் தடயம் தவிர வேறொன்றும் இல்லையென்றால் உண்ணலாம். நீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ணலாகாது என்பது அங்கே கிடைக்கும் தெளிவு. கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது என்பதே காரணம். இரவு கடந்தது பற்றி நம் மத்ஹபில் இரு கருத்துகள் உண்டு. கண்ணுக்கு மறைந்து செத்ததை மின்ஹாஜ் விலக்குகிறது. இமாம் நவவீ அவர்களே வேறிடத்தில், ஹதீஸின் அடிப்படையில் ஆகும் என்பதே ஆதாரத்தால் வலுவானது என்கிறார்கள். ஆக, இரவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. நீரிலும் ஒரு விலக்கு உண்டு. நீரில் விழும் முன்பே, அறுக்கப்பட்ட பிராணியின் கடைசித் துடிப்பு நிலைக்கு அதைக் கொண்டு சென்ற காயமாக இருந்தால் விழுந்தது பாதிக்காது.

உண்மையைச் சொல்கிறோம்: அந்த விலக்கை நாம் தேடினோம். இரண்டு ஆண்டு உழைப்பு, உறங்காத இரவு, திரையில் தெரிந்த அந்த முகம். ஏதேனும் வழியிருக்கக் கூடாதா என்று உள்ளம் கெஞ்சியது. ஆனால் அவர் சொன்ன தடயங்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லின. குடலில் காயம், படுத்து எழுந்திருக்கிறது, தன் காலால் நடந்து நீருக்குள் போயிருக்கிறது. உயிர் நிலைத்திருந்த பிராணி அது.

“வேண்டாம் தம்பி, சாப்பிடாதீர்கள்” என்றோம்.

சற்று நேரம் ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு “சரி ஹஜ்ரத்” என்றார்.

அந்தக் காட்டில் அவரைத் தடுக்க எவருமில்லை. கேம் கமிஷனின் சட்டப்படி அந்த மான் அவருடையது. சட்டம் சொன்னபடியே சீட்டைக் கட்டினார், துறைக்கு அறிவித்தார், அந்த ஆண்டு தமக்கிருந்த உரிமம் தீர்ந்தது என்று ஏற்றுக்கொண்டார். இறைச்சியை விற்கவுமில்லை, விருந்தாக்கவுமில்லை. தாம் அதிலிருந்து கையெடுத்துக்கொள்வதாகச் சொன்னார், பெரியவர் தம் பொறுப்பில் கொண்டு போனார். இஹ்ராமில் இருப்பவர்களின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பதாக அல்மாயிதா அத்தியாயம் கூறுகிறது. மறைவில் அவனை அஞ்சுவோர் யார் என்பதே அச்சோதனை. நம் மாணவர் இஹ்ராமில் இல்லை. ஆனால் எவரும் காணாத இடத்தில், கைக்கு எட்டியதை விட்டு விலகுவது என்றால் என்ன என்பதை அன்று அவரிடம் கண்டோம்.

அன்றிரவு மனம் ஆறாமல் நம் ஆசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். முதுமையால் பார்வை குன்றியிருப்பவர்கள். முழுவதும் கேட்டுவிட்டு, “தீர்ப்பு சரிதான். சாப்பிடாமல் விட்டதோடு கணக்கு முடிந்ததா? அந்த மான் இரவெல்லாம் பட்ட வேதனைக்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டார்கள்.

நமக்குப் பதில் இல்லை. அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளுமாறும், கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் மிம்பரில் சொல்கிறோம். வேட்டைக்கும் அதுவே பொருந்தும் என்பதை அந்த மாணவருக்கு ஒரு முறையேனும் சொன்னோமா? கருவியைச் சொன்னோம், பிஸ்மியைச் சொன்னோம். எப்போது எய்யக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. தவறிய அம்பில் நமக்கும் பங்கிருந்தது.

மறுநாளே அவரை அழைத்து இதைச் சொன்னோம். அவர் தமக்கென வரம்புகளை வகுத்துக்கொண்டார். பழகிய இருபது கஜத்துக்கு அப்பால் எய்வதில்லை. முழுப் பக்கவாட்டில் நில்லாத மானை எய்வதில்லை. வெளிச்சம் குறைந்தால், சட்டம் நேரம் தந்தாலும், எய்வதில்லை. நீரோடைக்கு அருகில் உட்காருவதில்லை. இடுப்பில் தீட்டிய கத்தி இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை. ஏனெனில் நிலைத்த உயிரோடு கிடைத்தால் அறுத்தாக வேண்டும், சோம்பலால் அது தவறினால் அந்த இறைச்சி ஆகாது.

மூன்றாம் ஆண்டில் ஏழு முறை மான் அவர் முன் வந்தது. ஏழு முறையும் வில்லைத் தாழ்த்தினார். ஒவ்வொரு முறையும் நமக்குச் செய்தி அனுப்புவார்: “இன்றும் விட்டுவிட்டேன் ஹஜ்ரத், அல்ஹம்துலில்லாஹ்.” கிடைக்காததற்கு ஒருவர் இவ்வளவு மனநிறைவோடு நன்றி சொல்லி நாம் கேட்டதில்லை. நவம்பரில் ஒரு காலையில் பதினைந்து கஜத்தில் ஒரு மான் நின்றது. கண் பார்வையிலேயே விழுந்தது. ஓடிச் சென்றபோது உயிர் இருந்தது. பிஸ்மி சொல்லி அறுத்தார். அன்று அவர் அழைத்தபோது மஸ்அலா எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அடுப்படியில் தாளிக்கும் சத்தமும் கேட்டது.

இப்போது அந்தப் பாடத்தை நாம் வேகமாகக் கடப்பதில்லை. அதீ (ரலி) அவர்களின் ஹதீஸுக்கு வரும்போது கிதாபை மூடிவைத்து, அந்த ஓடையைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்கிறோம். வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளில் வேட்டையை விரும்புவோர் இருக்கலாம். அவர்கள் அந்நாட்டுச் சட்டத்தையும் மார்க்கச் சட்டத்தையும் முழுமையாகக் கற்ற பிறகே வில்லைத் தொடட்டும். அனுபவமுள்ள ஒருவரோடு முதல் ஆண்டு வெறுமனே நடக்கட்டும். ஐயம் வந்தால் உலமாக்களிடம் கேட்கட்டும். நம் போன்ற ஆசிரியர்களும், வாழ்வில் பயன்படாது என்று எந்தப் பாடத்தையும் ஒதுக்கிவிடாமல் இருப்போமாக.

மனிதர் காணாத இடங்களிலும் தன்னை அஞ்சி நடக்கும் உள்ளத்தையும், தன் படைப்புகளிடம் இரக்கம் காட்டும் கைகளையும் அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.