சிறு சில்லில் செந்தமிழ்

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன வேலை என வினவுவோர் உண்டு. எழுத்துக்கு இடம் தேடும் வேலைதான். எங்கள் துறையின் வாயிலில் நாளும் ஒரு பழந்தமிழ்ச் சொல்லைப் பொருளுடன் காட்டும் ஒளிப்பலகை ஒன்றை அமைக்க விழைந்தோம். அதற்கென வாய்த்தது மலிவான ஏடிமெகா 328 சில்லு. அதன் நிரல் நினைவகம் 32 கிலோபைட்டே. அதிலும் தொடக்க நிரல் 512 பைட்டுகளைக் கொள்ள, எஞ்சுவன 32,256.

ஓர் எழுத்தைப் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளில் வரைய 32 பைட்டுகள் வேண்டும். தமிழின் 247 எழுத்துகளுக்கு 7,904. ஆங்கிலப் பேரெழுத்துகள் 26க்கு 832 போதும். எழுத்தும் சொற்பட்டியலும் நிரலும் சேர்ந்து எல்லையை விஞ்சியபோது, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே காட்டிவிடலாமே என்றனர் சிலர். அதற்கு எங்கள் மனம் இசையவில்லை. கொம்பையும் காலையும் தனியே வைத்து, கொ, கோ முதலியவற்றை வேண்டும்போது கூட்டி எழுதினோம். எஞ்சிய சுமை நிரலினுடையது.

சி மொழி நிரலை இயந்திர மொழியாக்கும் ஜி.சி.சி. என்னும் தொகுப்பிக்கு ஆணை ஏதும் இடாவிடில், அது ஒவ்வொரு மாறியையும் நினைவகத்தில் வைத்து வைத்து எடுக்கும், நிரல் பெருக்கும். 'ஓ-3' என்னும் ஆணை வேகத்தை நாடுவது. சிறு செயற்கூறுகளை அழைக்கும் இடந்தோறும் படியெடுத்து வைக்கும். 'ஓ-எஸ்' ஆணையோ அளவைப் பெருக்கும் உத்திகளைத் தவிர்ப்பது. நாளுக்கொரு சொல் காட்டும் பலகைக்கு வேகம் எதற்கு? 'ஓ-எஸ்'ஸையே தேர்ந்தோம்.

அடுத்து, செயற்கூறு ஒவ்வொன்றையும் தனிப் பகுதியில் இடுமாறு தொகுப்பியைப் பணித்து, எவரும் அழைக்காத பகுதிகளை நீக்குமாறு இணைப்பிக்குச் சொன்னோம். கல்யாணத்துக்கு ஒருவரை அழைக்க ஊரே வந்தாற்போல் நூலகத்திலிருந்து ஒட்டிவந்தவை பல கழிந்தன. குறியீட்டு அட்டவணையை அகற்றும் 'ஸ்ட்ரிப்'பைப் பலர் புகழ்வர். அது வட்டிலுள்ள கோப்பைத்தான் குறைக்கும், சில்லில் ஏறும் நிரலில் ஒரு பைட்டும் குறையாது.

தொகுப்பியால் ஆகாததும் உண்டு. தேதியை எழுத 'பிரிண்ட்எஃப்'பை அழைத்திருந்தோம். அழைத்த ஒன்றை இணைப்பி எவ்வாறு நீக்கும்? அது மட்டுமே ஒரு கிலோபைட்டுக்கு மேல் கொண்டது. எண்ணை எழுத்தாக்கும் சிறு செயற்கூற்றை நாங்களே எழுதி அதனை விலக்கினோம்.

மீந்த இடமெல்லாம் சொற்களுக்கே. பட்டியலைத் தமிழ்த்துறை மாணவர் தொகுத்து வருகின்றனர், முதற்சொல் 'வைகறை'.