நகரமா, நரகமா?

"நகரமா இது? நரகம்!" என்று நாக்கைச் சுழற்றுகிறார் ஒருவர்.

"நரகமாகவே இருக்கட்டும். என் பிள்ளைக்குச் சோறு இங்கேதான் கிடைத்தது" என்று பதில் தருகிறார் மற்றொருவர்.

இங்கு வந்தவன் கெட்டான் என்பது ஒரு தீர்ப்பு. வராதவன்தான் கெட்டான் என்பது எதிர்த்தீர்ப்பு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டி ஆண்டு பலவாக வாழ்ந்துவரும் நாம், இவ்விரு தீர்ப்புகளையும் காலை வண்டியில் ஒரு முறையும் மாலை வண்டியில் ஒரு முறையும் கேட்டுப் பழகியவர்கள். சொல்வோர் பொய்யரல்லர், கண்டதைத்தான் கூறுகின்றனர். ஆனால், ஒவ்வொருவரும் நின்று பார்த்த இடம் வேறு! திண்ணையில் அமர்ந்திருப்பவனுக்கு வீடு ஒரு விதம்; அடுப்படியில் வேகிறவளுக்கு அதே வீடு வேறு விதம். ஊருக்கும் அஃதே.

ஆகவே, "இவ்வூர் நல்லதா, கெட்டதா?" என்று கேட்போர், "யாருக்கு?" என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தவுடன் வழக்கின் முகமே மாறிவிடுகிறது.

முதலில் வந்துபோவோரின் வாக்குமூலம். சென்னையிலிருந்து ஞாயிறன்று நம்மைக் காண வரும் உறவினர், மின்வண்டியைவிட்டு இறங்கியதும் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோகிறார். "எப்படித்தான் இங்கே இருக்கிறீர்களோ!" என்று இரங்குகிறார், இருட்டுமுன் திரும்பிவிடுகிறார். பழவேற்காட்டு ஏரியில் பூநாரை பார்க்க வருபவர், வழியில் தென்படும் புகைபோக்கிகளைக் கண்டு முகம் சுளிக்கிறார்; நீர்ப்பரப்பைக் கண்டதும் முகம் மலர்கிறார். திருவள்ளூருக்கு அமாவாசையன்று வருபவரோ, வீரராகவப் பெருமாள் கோயில் குளத்திலே வெல்லத்தைக் கரைத்தால் உடற்பிணியும் உடன் கரையும் என்று நம்பி வருகிறார். "புண்ணிய பூமி" என்று புகழ்ந்து செல்கிறார். அவர் வண்டியேறிய பிறகு குளத்தைத் துப்புரவு செய்யும் தொழிலாளியிடம், "உனக்கு இவ்வூர் எப்படி?" என்று எவரும் கேட்பதில்லை. அதே திருவள்ளூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பிணி கரைவது எங்கே என்பதை வெல்லக்கட்டியோடு வருவோர் எண்ணிப் பார்க்கட்டும்!

வந்துபோவோர் கருத்து நிழற்படம் போன்றது. ஒரு கணத்தைக் காட்டும், வாழ்வைக் காட்டாது. வாழ்வைக் கேட்க வேண்டுமானால், வாழ்வோரிடம் செல்ல வேண்டும்.

இந்தத் திசைக்குப் புதுமை நேற்று வந்ததன்று. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாசா நோக்கித் தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடியபோது, திருவள்ளூர் வழியாகவே ஓடிற்று. 1971இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழில் வளாகங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் எழுந்தது. 1979இல் இப்பாதைக்கு மின்சாரம் வந்தது. கொல்கத்தா நெடுஞ்சாலை ஒருபுறம், இருப்புப்பாதை மறுபுறம், துறைமுகம் கூப்பிடு தூரத்தில்; இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி வார்க்கும் ஆலைகளும் வரிசை கட்டின. ஏர் பூட்டிய ஊர் இயந்திரம் பூட்டிற்று.

அந்த இயந்திரத்தை வாழ்த்துவோர் யார்? ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சேரியொன்றில் பிறந்து, இங்கே ஆலையில் பணிபுரியும் பெண்ணொருத்தி நம்மிடம் சொன்னாள்: "அங்கே என்னைக் கூப்பிட ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது என் பெயரல்ல, அண்ணா. இங்கே என் கழுத்தில் தொங்குகிற அட்டையில் என் பெயர் இருக்கிறது." ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள உரிமையில்லாத தாயின் மகள் அவள். மாதச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைக்கிறாள். தனக்கு ஒரு மிதிவண்டி வாங்கிக்கொண்டாள். அவளிடம் போய், கிராமத்தின் இனிமை, குயிலின் கூவல், குளத்துத் தாமரை என்று கவிதை படித்துப் பாருங்கள், சிரிப்பாள்! குயிலுக்குச் சாதியில்லை; கூவிய இடத்தில் வாழலாம். அவளால் முடிந்ததா?

1948 நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையிலே, கிராமத்தை விண்ணளாவப் புகழ்ந்தோர் நடுவில் எழுந்து, அது அறியாமைக்கும் குறுகிய மனப்பான்மைக்கும் உறைவிடம் என்ற கருத்தை அஞ்சாது எடுத்துரைத்தார் அண்ணல் அம்பேத்கர். ஊரின் வெளியே வைக்கப்பட்டவனின் கண்கொண்டு ஊரைப் பார்த்த பார்வை அது. நகரைக் கொண்டாடுவது நமக்கும் புதிதல்ல. பல மொழி பேசுவோர் கலந்து இனிது வாழ்ந்த பட்டினமாகப் புகாரைக் காட்டுகிறது பட்டினப்பாலை. எவரும் வரலாம், எவரோடும் பழகலாம் என்பதே நகரத்தின் நற்குணம்.

அந்த நற்குணம் இங்கே முழுமையாக உண்டா? இல்லை! நாம் வாடகைக்கு வீடு தேடிய நாளில், வீட்டுக்காரர் ஒருவர் முன்பணம் எவ்வளவு என்று சொல்லுமுன்னே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். "மனிதர்கள்தாம்" என்றோம். அவர் சிரித்தார், காட்டிய சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். ஆலை வாயிலில் கேட்கப்படாத கேள்வி, வீட்டு வாயிலில் கேட்கப்படுகிறது. எட்டு மணி நேரம் மனிதன். மீதிப் பதினாறு மணி நேரம் சாதிக்காரன்! இரும்பை உருக்கும் உலை இங்கே எத்தனையோ உண்டு. சாதியை உருக்கும் உலையைத்தான் இன்னும் மூட்டக் காணோம்.

இனி, தூற்றுவோர் பக்கம் வருவோம். அவர்களையும் பழமைவாதிகள் என்று தள்ளிவிடலாகாது. "என் கிணற்று நீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போகிறது" என்றார் மீஞ்சூர்ப் பக்கத்து உழவர் ஒருவர். அவர் கூறியது கற்பனையன்று. ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியவற்றின் படுகையிலிருந்து மாநகருக்கும் ஆலைகளுக்குமாக நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட்டது. நன்னீர் தாழத் தாழ, 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உள்ளே புகுந்தது. அந்த மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலேதான், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. நன்னீரில் கடலைக் கலக்கவிட்டோம். பின் கடலிலிருந்து நன்னீரைப் பிரிக்கிறோம். முன்னதால் இழந்தவன் உழவன். பின்னதால் பெற்றது மாநகரம்!

பூண்டி நீர்த்தேக்கம் 1944இலிருந்து சென்னையின் தாகம் தீர்க்கிறது. சோழவரமும் புழலும் அவ்வாறே. 1996 முதல் கிருஷ்ணை நீர் ஊத்துக்கோட்டை வழியாக வருகிறது. கண்ணன்கோட்டை – தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் சேர்ந்தது. அதே தேர்வாய்க்கண்டிகையில் சிப்காட் பூங்காவுக்காக மேய்ச்சல் நிலத்தை எடுத்தபோது, அந்நிலத்தை நம்பி வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள் எதிர்த்துப் போராடினர். அவர்கள் தொழிலுக்குப் பகைவரா? அல்லர். "எங்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருந்த இடம் போகிறதே, எங்களுக்கு என்ன பங்கு?" என்று கேட்டவர்கள். அந்தக் கேள்விக்குப் புகைபோக்கி பதில் சொல்லாது. ஆட்சியும் சமுதாயமும்தான் சொல்ல வேண்டும்.

வாழ்த்துவோரும் பேசிவிட்டனர், தூற்றுவோரும் பேசிவிட்டனர். பேசாதோர் இருக்கின்றனர். அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஓர் அறையில் எட்டுப் பேர் என ஒண்டி, பகல் முறையில் உழைப்பவன் எழுந்த பாயில் இரவு முறையில் உழைப்பவன் படுக்கிறானே, அவனுக்கு இந்நகரம் எப்படி? 2011இல் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளையொன்றிலிருந்து நூற்றுக்கணக்கான ஒரிசாத் தொழிலாளர் மீட்கப்பட்டனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பிறந்தது 1976இல்! 2020இல் நோய்த்தொற்றுக்காக நாடு அடைக்கப்பட்டபோது, வேலையும் கூலியும் இழந்த வடபுலத் தொழிலாளர் இக்கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே புறப்பட்டனர். நகரத்தைப் பற்றி அவர்கள் வாய் திறந்து கருத்துரைக்கவில்லை, கால்கள் உரைத்தன. 2023இல் அவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தியும் போலிப் படங்களும் பரப்பப்பட்டன. பொய் என்று மெய்ப்பிக்கப்பட்டது நன்று. ஆயினும், "வடக்கன்" என்று ஏளனமாய் அழைக்கும் வாய் நம்மிடையே இருக்கிறதே, அது பொய்யா? பம்பாயிலும் கொழும்பிலும் நம்மவர் கூலிகளாய்ச் சென்று பட்ட ஏச்சை மறந்த நாக்கு அது. சாதி கேட்கும் வீட்டுக்காரரும், மொழி கேட்டு இகழும் இளைஞரும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

அடுத்து, முள்வேலிக்கு அப்பால் வந்து இங்கே நின்றுவிட்டவர்கள். இலங்கையில் தீப்பற்றி எரிந்தபோது, உயிரைக் கையில் பிடித்து வந்த தமிழர், 1990 முதல் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்கின்றனர். அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து, தாமும் குழந்தைகளைப் பெற்றுவிட்டனர். 2021இல் "அகதிகள் முகாம்" என்ற பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றப்பட்டது, மகிழ்ந்தோம். ஆனால், 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. "இவ்வூர் பிடிக்கிறதா?" என்று முகாம் இளைஞர் ஒருவரைக் கேட்டோம். "பிடிக்கிறதா என்று கேட்பது ஊரை விட்டுப் போக முடிந்தவரிடம், ஐயா" என்றார். வாயடைத்து நின்றோம்.

சாட்சிகள் பேசிவிட்டனர், தீர்ப்பு என்ன?

நகரம் சொர்க்கமுமன்று, நரகமுமன்று. இரண்டுமே வைதிகர் கட்டிய கதை. நகரம் மனிதர் கட்டியது; ஆகவே, மனிதரால் திருத்தக்கூடியது. "இது இப்படித்தான், எல்லாம் விதி" என்று சலித்துக்கொள்பவன், கிராமத்தில் விட்டுவந்த தலைவிதியை மூட்டையில் கட்டி நகரத்துக்கும் கொண்டுவந்தவன்.

திருத்த முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட இடமளிக்கும் சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எழுந்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று, அது திரும்பப் பெறப்பட்டதென்று முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்! முணுமுணுப்பு முழக்கமானதால் நேர்ந்தது அது. தேநீர்க்கடையோடு நின்றிருந்தால் தேநீரோடு ஆறிப்போயிருக்கும்.

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பட்டு, நம் மாவட்டத்தின் ஊர்கள் பல உள்ளே கொண்டுவரப்பட்டன. எல்லை விரிந்தது, நன்று. வாழ்வு விரிய வேண்டாமா? வரைபடத்தில் நகரவாசி, குழாயடியில் கிராமவாசி என்றால் யாருக்கு அந்தப் பெருமை?

எனவே, ஓர் ஊரை எடைபோட நாம் வைத்திருக்கும் படிக்கற்களைச் சொல்கிறோம். அங்கே வீடு கேட்பவனிடம் சாதி கேட்கிறார்களா? அங்கே இரவு வேலை முடித்த பெண் அச்சமின்றி வீடு திரும்புகிறாளா? ஆலைக்கு நிலம் தந்தவன் மகன் அந்த ஆலையின் உள்ளே வேலை பார்க்கிறானா, வாயிலில் காவல் நிற்கிறானா? மாநகருக்கு நீர் தரும் ஊரில் குடிநீர் வருகிறதா? வேற்று மொழி பேசும் தொழிலாளியின் குழந்தைக்குப் பள்ளியில் இடமுண்டா? இவற்றுக்கு "ஆம்" என்று சொல்லும் ஊர் நகரம். "இல்லை" என்று சொல்லும் ஊர், எத்தனை மாடி உயர்ந்தாலும், மின்விளக்குப் போட்ட பழைய அக்கிரகாரமும் சேரியுமே!

இளைஞர்களே! இவ்வூர் பிடிக்கவில்லை என்போரைக் கடிந்துகொள்ளாதீர், காரணம் கேளுங்கள். பிடிக்கிறது என்போரைக் கேலி செய்யாதீர். அவர்கள் எதிலிருந்து தப்பி வந்தனர் என்று கேளுங்கள். வாய் திறவாதவரிடம் முதலில் செல்லுங்கள். சாதி கேட்காமல் வீடு தருவோர் பட்டியல் ஒன்றை உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். வட்டாட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம், ஒடிய மொழிக்காரனுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். அவன் பேருந்துப் பலகையைப் படித்த அன்று, இவ்வூர் அவனுக்கும் ஊராகும்.