ஆட்காட்டியின் உறவுப் பறவை



கற்றல் நூலினுள் மட்டும் நிகழ்வதன்று. ணகரத்தையும் னகரத்தையும் கூர்ந்து நோக்கிப் பிரித்தறியப் பழகிய மாணவர், மண்ணிற் பதிந்த காலடியையும் அவ்வாறே வாசிக்க வல்லவராவர். ரொறொன்ரோவில் ஏரிக்கரையிலும், பாடசாலைகளின் வாகனத் தரிப்பிடங்களிலும் வாழும் ஒரு சிறு பறவையை இங்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றேன். ஆங்கிலத்தில் அதன் பெயர் கில்டியர். 'கில்-டீ, கில்-டீ' எனக் கூவும் அதன் குரலே பெயராயிற்று.

முதலிற் காலடியைக் காண்போம். மழை ஓய்ந்தபின் சேற்றிலே முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டும் பதிந்திருக்கும். நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம். புறாவின் அடியிற் பின்விரலுந் தெளிவாய்ப் பதியும். கில்டியருக்கோ பின்விரலே இல்லை. ஏரியோரத்து உள்ளான் ஓயாது வாலை ஆட்டியபடி நடக்கும். கில்டியர் சில அடிகள் விரைந்தோடிச் சடுதியாக நிற்கும்; மீண்டும் ஓடும். முதுகு மண்ணிறம், வயிறு வெண்மை, கண்ணைச் சுற்றிச் செவ்வளையம். மார்பின் குறுக்கே இரண்டு கரும்பட்டிகள் உண்டு, குஞ்சுக்கு ஒன்றே.

இப்பறவை மரத்திற் கூடு கட்டுவதில்லை. கிறவல் நிலத்திற் சிறு பள்ளஞ் செய்து, கற்களோடு கற்களாய்த் தோன்றும் நான்கு முட்டைகளை இடும். தாயுந் தந்தையும் மாறி மாறி ஏறக்குறைய 25 நாள்கள் அடைகாக்கும்.

ஒரு வைகாசிச் சனிக்கிழமை, என் வகுப்பு மாணவி ஒருத்தி பதற்றத்துடன் ஓடிவந்தாள். "சேர், ஒரு குருவிக்குச் செட்டை முறிஞ்சு போச்சு!" சென்று பார்த்தோம். கில்டியர் ஒன்று சிறகை நிலத்தில் இழுத்தபடி தள்ளாடிச் சென்றது. நாங்கள் பின்தொடர்ந்தோம். சற்றுத் தொலைவு சென்றதும் அது யாதொரு குறையுமின்றி எழுந்து பறந்தது. முட்டைகளிடமிருந்து நம்மை அப்பால் அழைத்துச் செல்லவே அது காயமுற்றதுபோல் நடித்தது என்று விளக்கினேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, "சேர், இதுக்குத் தமிழில என்ன பேர்?" என்று வினவினாள்.

அமெரிக்கக் கண்டங்களுக்குரிய இப்பறவைக்கு நம் முன்னோர் பெயரிட்டிலர். ஆயின் இதே குடும்பத்தைச் சேர்ந்த பறவையொன்று நம் ஊர் வயல்களிலும் குளக்கரைகளிலும் உண்டு. அதுவே ஆட்காட்டி. அதுவும் வெறுநிலத்தில் முட்டையிடும். எவரேனும் நெருங்கினால் ஓலமிடும். ஆள் வருவதைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது. பெற்றோர் பலருக்கு அக்குரல் இன்னுஞ் செவியில் நிற்கும். போர்க்காலத்தில், இருளில் வயல்வெளியைக் கடந்து இடம்பெயர்ந்த இரவொன்றில் எங்கள் தலைக்குமேல் அது கத்திக்கொண்டே வந்தது. எங்களைக் காட்டிக்கொடுத்து விடுமோ என அஞ்சிக் குழந்தைகளின் வாயைப் பொத்தினோம். முதியவர் ஒருவர் அதனைச் சபித்தார். அப்பறவைக்கு எந்தப் படையையுந் தெரியாது. நாங்கள் எங்கள் பிள்ளைகளை மறைத்ததுபோல அதுவுந் தன் முட்டைகளைக் காத்து நின்றிருக்கும். அம்மாணவியின் வினாவுக்கு விடை கூறுகையில்தான் இது எனக்குத் தோன்றிற்று.

2018ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒட்டாவாவில் புளூஸ்பெஸ்ற் இசைவிழாவின் பெருமேடை அமையவிருந்த இடத்தில் ஒரு கில்டியர் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. 1994ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி அதனை அனுமதியின்றி அகற்றலாகாது. அனுமதி பெற்று, தாய் அஞ்சி விலகாவண்ணம் கூட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தினர். குஞ்சுகளும் பொரித்தன. நிலத்தில் ஒதுங்கிய ஓர் உயிருக்காக ஒரு பெருவிழா பொறுத்திருந்தது. புகலிடந் தேடிவந்த நாம் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நன்று.

மாணவர்களே! கிறவல் நிலத்தில் நடக்கையில் அடியெடுத்து வைக்குமுன் நோக்குங்கள். சிறகை இழுக்கும் பறவையைக் கண்டால் துரத்தாதீர்கள். வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். வீடு சென்று, ஊரில் ஆட்காட்டி எவ்வாறு கத்தும் என அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். பங்குனியிற் கில்டியர் தெற்கிலிருந்து திரும்பிவரும். அதன் காலடியை முதலிற் காண்பவர் வகுப்பிலே கரும்பலகையில் வரைந்து காட்டுக. பெயரை நாம் எல்லோருமாகச் சேர்ந்து வைப்போம்.